ஆளா, ஊரா, அமைப்பா: விக்கித்தரவிடம் வகை கேட்பது

தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. அவற்றில் மனிதர்களைப் பற்றியவை எத்தனை, ஊர்களைப் பற்றியவை எத்தனை, படங்கள் எத்தனை, செடிகொடிகள் எத்தனை? இந்தக் கேள்விக்கு விடை எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. தமிழ் உரையில் வரும் பெயர்களை ஆள், இடம், அமைப்பு என்று அடையாளம் காணும் நிரல் ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து எழுதுகிறோம். அதைப் பழக்க, வகை பிரித்த பெயர்ப் பட்டியல் வேண்டும். ஆங்கிலத்துக்கு அப்படிப்பட்ட பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. தமிழில் மிகக் குறைவு. இருப்பதில் பெரியது விக்கிப்பீடியாதான்.

கட்டுரைகளுக்கு அடியில் பகுப்புகள் இருக்கின்றனவே, அவற்றை வைத்துப் பிரித்துவிடலாமே என்று தோன்றும். பகுப்பு அந்த வேலைக்கு உதவாது. ஒரு மாவட்டத்தின் பெயரில் உள்ள பகுப்பைத் திறந்து, துணைப்பகுப்புகளுக்குள் இறங்கிப் பாருங்கள். அந்த மாவட்டத்து ஆறு இருக்கும், கோயில் இருக்கும், கல்லூரி இருக்கும், அங்கே பிறந்த அரசியல்வாதியும் இருப்பார். எல்லாவற்றுக்கும் அந்த மாவட்டத்தோடு சம்பந்தம் உண்டு, அவ்வளவுதான். எது என்ன வகை என்று பகுப்பு சொல்வதில்லை.

அதைச் சொல்வதற்கென்றே இருப்பது விக்கித்தரவு, எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளம். 2012 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. உருவாக்கியது பெர்லினில் இருக்கும் விக்கிமீடியா ஜெர்மனி. இன்று அதில் 11 கோடிக்கும் மேலான உருப்படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் க்யூ என்ற எழுத்தோடு ஓர் எண். காவிரி ஓர் உருப்படி. 'ஆறு' என்ற கருத்தும் ஓர் உருப்படி, அதன் எண் க்யூ4022. இரண்டையும் இணைக்கிற பண்பு பி31. 'இது அந்த வகையில் ஒன்று' என்பது அதன் பொருள். ஒரு வகையை அதைவிடப் பெரிய வகையோடு இணைப்பது பி279. 'இந்த வகை அந்த வகைக்குள் அடங்கும்' என்பது அதன் பொருள். காவிரி பி31 ஆறு; ஆறு பி279 நீரோட்டம்; அப்படியே மேலே மேலே போகலாம். உச்சியில் க்யூ35120, அதாவது 'உள்பொருள்'. இருக்கிற எதுவும் அதற்குள் வந்துவிடும்.

கேட்பதற்கு ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழி இருக்கிறது. 2008-இல் அதன் முதல் பதிப்பு தரநிலையாக வந்தபோது இப்படி மேலே ஏறிப்போகும் கேள்வியைச் சுருக்கமாகக் கேட்க வழியில்லை. ஒரு படி, இரண்டு படி, மூன்று படி என்று தனித்தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். 2013-இல் வந்த 1.1 பதிப்பு பாதைகளைக் கொண்டுவந்தது. 'பி31 ஒரு படி, அதற்கப்புறம் பி279 எத்தனை படியானாலும்' என்பதை இப்போது ஒரு சாய்கோடும் ஒரு நட்சத்திரக் குறியும் போட்டு எழுதிவிடலாம். வகை பார்க்கும் வேலையில் பாதி இந்த ஒரு வரிதான். தமிழ்க் கட்டுரைகளோடு சேர்ப்பதும் சுலபம். 'இந்தப் பக்கம் தமிழ் விக்கிப்பீடியாவைச் சேர்ந்தது, இந்தப் பக்கம் இந்த உருப்படியைப் பற்றியது' என்று இரண்டு வரி கூடுதலாக எழுதினால் போதும்.

இதே வேலையை, விக்கிப்பீடியாவிலிருந்து தரவைப் பிரித்தெடுத்துத் தரும் டிபிபீடியாவிலும் செய்யலாம். அது 2007-லிருந்து இருக்கிறது. லைப்சிக், பெர்லின் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் ஓப்பன்லிங்க் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கியது. விக்கிப்பீடியாக் கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவல்பெட்டியைப் படித்து, எந்தப் பெட்டி போட்டிருக்கிறதோ அதற்கேற்ற வகையைக் கொடுக்கும். எழுநூறுக்கு மேல் வகைகள் கொண்ட, கையால் ஒழுங்காகக் கட்டிய ஆன்டாலஜி, அதாவது வகைகளின் அமைப்பு, அதற்கு இருக்கிறது. ஒன்றின் வகைகளைக் கேட்டால் மேலே உள்ள மூதாதை வகைகளையும் சேர்த்தே கொட்டிவிடும். ஆகவே அங்கே கேள்வியைத் தலைகீழாகக் கேட்க வேண்டும். 'இந்த வகைக்குக் கீழே இதைவிடக் குறிப்பான இன்னொரு வகை இதற்கு இல்லை என்றால் மட்டும் கொடு' என்று ஒரு வடிகட்டி போட்டால் இருப்பதிலேயே குறிப்பான வகை மட்டும் மிஞ்சும். படிப்பதற்கு டிபிபீடியாவின் வகைமரம் விக்கித்தரவுடையதைவிடச் சுத்தமாக இருக்கும். அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

இருந்தாலும் எங்கள் வேலைக்கு விக்கித்தரவையே எடுத்தோம். காரணத்தை எம்.ஜி.ஆரை வைத்துச் சொல்லலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருடைய கட்டுரையில் இருப்பது பதவி வகித்தவர்களுக்கான பெட்டி. 1977 முதல் 1987 வரை முதல்வராக இருந்தவருக்கு அது பொருத்தம்தான். ஆனால் பெட்டியை வைத்து வகை சொன்னால் அவர் பதவியாளர். நடிகர் என்பது வகையில் வராமல் போகும். விக்கித்தரவில் அவருடைய வகை மனிதர் மட்டுமே. நடிகர், அரசியல்வாதி என்பதெல்லாம் பி106 என்ற தொழில் பண்பில், எத்தனை வேண்டுமானாலும், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். 'என்ன வகை' என்பதும் 'என்ன செய்தார்' என்பதும் வேறு வேறு கேள்விகள். விக்கித்தரவு இரண்டையும் பிரித்து வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதோடு, தமிழில் மட்டுமே கட்டுரை உள்ள ஆட்களும் ஊர்களும் அங்கே உருப்படிகளாக இருக்கிறார்கள். ஆங்கிலக் கட்டுரை இல்லாதவர்களை விட்டுவிட்டுத் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் தயாரித்து என்ன பயன்?

சரி, நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பொருளின் வகையைக் கண்டுபிடிக்க, அதிலிருந்து தொடங்கி மேலே ஏறி, கடைசியில் எங்கே போய் நிற்கிறதோ அதுவே வகை என்று முடிவு செய்வதுதான் இயல்பாகத் தோன்றும் வழி. விக்கித்தரவில் இது நடக்காது. அங்கே வகைமரத்தைக் கட்டியவர்கள் பல நாட்டுத் தன்னார்வலர்கள், பல நோக்கங்களோடு கட்டியிருக்கிறார்கள். வகைகளாகப் பயன்படும் உருப்படிகளே லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒரு வகைக்குத் தாய்வகை இரண்டு மூன்று இருப்பது சாதாரணம். ஒரு கிளை பருப்பொருள் பக்கம் போகும், இன்னொன்று கருத்துப் பக்கம் போகும். 'எழுத்தாளர் என்பது ஒரு தொழில்' என்பதை யாராவது பி31-க்குப் பதில் பி279 போட்டு எழுதிவிட்டால், அதற்குக் கீழே இருக்கும் எல்லாமே தொழில் வகைக்குள் அடங்கியதாகிவிடும். ஒரே ஓர் இணைப்பு, பாதிப்பு கீழே முழுக்க. மேலே ஏற ஏற இப்படிப்பட்ட இணைப்புகளின் பலன் எல்லாம் ஒன்றுசேரும். நாலு படிக்கு மேல் ஏறிக் கிடைத்த வகையை நான் சாட்சியாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஆகவே எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு வேண்டிய கூடைகள் என்னென்ன? ஆள், இடம், அமைப்பு, படைப்பு, நிகழ்வு, உயிரினம். அவ்வளவுதான். ஒவ்வொரு கூடைக்கும் வாசலாக நிற்கக்கூடிய சில வகைகளை விக்கித்தரவில் தேடித் தேர்ந்தெடுத்து, 'இந்தப் பொருளிலிருந்து அந்த வாசலுக்குப் பாதை இருக்கிறதா' என்று மட்டும் கேட்க வேண்டும். விடை ஆம் அல்லது இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட வாசலுக்குப் பாதை இருந்தால் எது முந்தும் என்ற வரிசையை நாம் முன்கூட்டியே தீர்மானித்து வைக்க வேண்டும். அந்த வரிசையை எந்த ஆன்டாலஜியும் நமக்குத் தராது. நம்முடைய தேவையிலிருந்துதான் அது வரும்.

ஆள் என்ற கூடை இருப்பதிலேயே எளிது. வாழ்ந்த மனிதருக்கு நேரடியாக க்யூ5 போடுவது விக்கித்தரவின் வழக்கம். நட்சத்திரக் குறியே தேவையில்லை, ஒரு படி போதும். விஸ்வநாதன்-ராமமூர்த்தி போன்ற இரட்டையர்களுக்கு ஒரே உருப்படி இருக்கும்போது, அதைக் குழு என்று போடுவதே முறை, க்யூ5 பொருந்தாது. கண்ணகி, கர்ணன் போன்றவர்கள் என்ன ஆவார்கள் என்பது நல்ல கேள்வி. புனைவு மனிதர் என்பதற்குத் தனி வகை இருக்கிறது. வாழ்ந்தாரா என்பதில் கருத்து வேறுபாடு உள்ள மனிதர் என்பதற்கும் தனி வகை இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் எத்தனை பேருடைய வாழ்க்கை வரலாறு இருக்கிறது என்று எண்ணுபவருக்கு இவர்களைச் சேர்க்கக் கூடாது. உரையில் வரும் ஆட்பெயரை அடையாளம் காணும் எங்கள் நிரலுக்கோ கண்ணகியும் ஓர் ஆட்பெயர்தான், கர்ணனும் ஆட்பெயர்தான். நாங்கள் இந்த வகைகளையும் ஆள் கூடையின் வாசலில் சேர்த்தோம்.

உயிரினம் என்ற கூடைக்குள் போனால் வேறு உலகம். வேம்பு என்ன வகை? மரம், மரம் செடியினம் என்று ஏறிப்போகும் என்று எதிர்பார்ப்போம். அதன் பி31-இல் இருப்பது க்யூ16521, அதாவது 'வகைப்பாட்டு அலகு'. புலிக்கும் அதுவே, கத்தரிக்கும் அதுவே, ஒரு பாக்டீரியா இனத்துக்கும் அதுவே. உயிரியலாளர்களின் குடும்ப வரிசை பி279-இல் போகாது. அதற்கென்று பி171 என்ற தனிப் பண்பு இருக்கிறது, 'தாய் அலகு'. வேம்பிலிருந்து அதன் பேரினம், அதிலிருந்து மீலியேசியே குடும்பம், அதிலிருந்து சாபிண்டேல்ஸ் வரிசை என்று பி171 வழியாகவே ஏறி, க்யூ756 என்ற தாவரங்களைத் தொட வேண்டும். விலங்கு என்றால் க்யூ729. பி279-ஐ வைத்துத் தேடினால் தமிழ் விக்கிப்பீடியாவின் மூலிகைக் கட்டுரைகளில் பெரும்பாலானவை வலையில் விழாது. நட்சத்திரக் குறி அதேதான், ஏணி மட்டும் வேறு.

இன்னொரு நுணுக்கமும் இங்கே உண்டு. மாமரம் என்ற இனம் ஓர் உருப்படி, மாம்பழம் வேறோர் உருப்படி. பழம் உணவுப் பக்கம் போகும், இனம் உயிரினப் பக்கம் போகும். தமிழ்க் கட்டுரை இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தாலும் ஒரே உருப்படியோடுதான் இணைய முடியும். சோழர் என்ற தலைப்புக்கும் இதே நிலைமை. மரபு, பேரரசு என்பவை விக்கித்தரவில் தனித்தனி உருப்படிகளாக நிற்கும்போது, நம் கட்டுரை எதோடு இணைந்திருக்கிறதோ அதன் வகையே அதற்கும் கிடைக்கும். விடை பொருந்தாததாகத் தெரிந்தால் வினவலைத் திருத்துவதற்கு முன் இணைப்பைப் பார்ப்பது நல்லது.

வீட்டுப்பூனையைப் பற்றி ஒரு வார்த்தை. விக்கித்தரவு வினவல் பக்கத்தைப் புதிதாகத் திறப்பவர்களுக்குக் காட்டப்படும் முதல் எடுத்துக்காட்டு 'பூனைகள்' என்ற கேள்வி: பி31 க்யூ146. அதில் வருவது பூனை என்ற இனம் அல்ல, பேர் பெற்ற தனித்தனிப் பூனைகள். லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் வீட்டில் 2011 முதல் இருக்கும் லாரி அதில் ஒன்று. தனி ஒன்றுக்கும் வகைக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

உணவுகளில் இந்த வேறுபாடு குழம்பிப் போகும். இட்லி என்பது நம் தட்டில் இருக்கும் ஒன்றா, ஒரு வகையா? கட்டுரை வகையைப் பற்றியது. ஆகவே பி279 போடுவதுதான் தர்க்கப்படி சரி. ஆனால் சில உணவுகளுக்குப் பி31 போட்டிருப்பார்கள், சிலவற்றுக்குப் பி279 மட்டும் இருக்கும், சிலவற்றுக்கு இரண்டும். முதல் படி கட்டாயமாகப் பி31 என்று எழுதிய வினவல், பி279 மட்டும் உள்ளவற்றைத் தொடவே தொடாது. 'பி31 அல்லது பி279, அதற்கப்புறம் பி279 எத்தனை படியானாலும்' என்று முதல் படியைத் தளர்த்தினால் இந்த இடைவெளி அடைபடும்.

ஒரு பயிலரங்கில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "அண்ணா, மீனாட்சியம்மன் கோயில் இடமா, அமைப்பா?" இந்த வேலையின் மையமே அந்தக் கேள்விதான். இந்துக் கோயில் என்ற வகை, க்யூ842402, மேலே ஏறினால் வழிபாட்டிடம், கட்டுமானம் என்று போகும். ஆகவே இடம். ஆனால் செய்தித்தாளில் 'கோயில் நிர்வாகம் அறிவித்தது' என்பதைச் சுருக்கி 'கோயில் அறிவித்தது' என்று எழுதும்போது அங்கே பேசுவது அமைப்பு. பள்ளி, மருத்துவமனை, அருங்காட்சியகம் எல்லாவற்றுக்கும் இந்த இரட்டைத்தன்மை உண்டு. கட்டடமும் அதுதான், நிறுவனமும் அதுதான். விக்கித்தரவு பல நேரம் இரண்டு பக்கமும் பாதை போட்டு வைத்திருக்கும். அதைக் குறை என்று நான் நினைக்கவில்லை, உலகம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நம் வரிசையில் ஒன்றை முன்னால் வைத்தே ஆக வேண்டும். நாங்கள் கோயிலையும் அருங்காட்சியகத்தையும் இடத்தில் வைத்தோம், பள்ளியையும் பல்கலைக்கழகத்தையும் அமைப்பில் வைத்தோம். ஏனென்றால் எங்கள் உரைகளில் மக்கள் கோயிலுக்குப் போகிறார்கள், பல்கலைக்கழகம் அறிக்கை விடுகிறது. வரைபடம் தயாரிப்பவர் நான்கையும் இடம் என்றே எடுப்பார். அவருக்கு அது சரி.

இடத்தைக் கண்டுபிடிக்க ஆயத்தொலைவு இருக்கிறதா என்று பார்த்தால் போதாதா என்பார்கள். பி625 என்ற பண்பில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்கும். அது நல்ல துணைச் சான்று. தனிச் சான்றாக எடுக்கக் கூடாது. போர்களுக்கும் ஆயத்தொலைவு உண்டு, விபத்துகளுக்கும் உண்டு. அவை நிகழ்வுகள். மறுபக்கம், தமிழ்நாட்டு ஊராட்சிகளைப் பற்றி ஒரே அமைப்பில் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான கட்டுரைகள் தமிழில் இருக்கின்றன. இத்தகைய உருப்படிகளில் ஆயத்தொலைவு இல்லாதவையும் உண்டு. ஊர் என்பதற்கு அதனால் எந்தக் குறையும் வந்துவிடாது.

ஒரு தொழில்நுட்ப விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சத்தமில்லாமல் விடையை மாற்றிவிடும். விக்கித்தரவில் 'காவிரி பி31 ஆறு' என்பது போன்ற ஒவ்வொரு கூற்றுக்கும் தரநிலை உண்டு: முன்னுரிமை, இயல்பு, ஒதுக்கப்பட்டது. வழக்கமாக நாம் எழுதும் சுருக்க வடிவம் சிறந்த தரநிலையில் இருப்பதை மட்டுமே கொடுக்கும். ஒரு நகரத்துக்கு ஐந்து வகைகள் போட்டிருந்து, அவற்றில் 'தலைநகர்' என்பதற்கு மட்டும் யாராவது முன்னுரிமை கொடுத்தால், மற்ற நான்கும் அந்த நிமிடமே வினவலின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். பட்டியலில் இருந்தே தீர வேண்டிய ஒன்று இல்லாமல் போனால் முதலில் இதைப் பாருங்கள். முழு வடிவத்தில் எழுதினால் எல்லாக் கூற்றுகளும் வரும். ஒதுக்கப்பட்டவற்றை அப்புறம் நாமே கழித்துக்கொள்ளலாம்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக. பொது வினவல் சேவை 60 நொடிக்கு மேல் காத்திருக்காது. ஒன்றரை லட்சம் கட்டுரைகளையும் ஆறு கூடைகளையும் ஒரே வினவலில் போட்டால் அது முடியவே முடியாது. உருப்படிகளைச் சில நூறு என்று பிரித்து அனுப்பலாம். அதைவிட நல்ல வழி, ஒவ்வொரு வாசலுக்கும் கீழே உள்ள வகைகளின் பட்டியலை ஒரே தடவை இறக்கி வைத்துக்கொள்வது. பிறகு ஒவ்வொரு கட்டுரைக்கும் பி31 மட்டும் கேட்டு, ஒப்பிடுவதை நம் கணினியிலேயே செய்யலாம். வகைகளின் தமிழ்ப் பெயர்களை முதல் வினவலிலேயே கேட்காமல், எண்களை மட்டும் வாங்கிவிட்டுப் பெயர்களைக் கடைசியில் கேட்பதும் சுமையைக் குறைக்கும். 2025-இல் ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றிய கோடிக்கணக்கான உருப்படிகளைத் தனித் தரவுத்தொகுதியாகப் பிரித்த பிறகு முதன்மைச் சேவையின் பாரம் குறைந்திருக்கிறது. ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் உருவான க்யூலெவர் என்ற வினவல் பொறியும் விக்கித்தரவு முழுவதையும் ஏற்றி வைத்திருக்கிறது. நீளமான பாதைகளை அங்கே கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இவ்வளவும் செய்த பிறகு எந்தக் கூடையிலும் விழாதவை மிஞ்சும். அவற்றில் ஒரு பகுதி பக்கவழி நெறிப்படுத்தல் (ஒரே பெயருள்ள பல கட்டுரைகளுக்கு வழிகாட்டும் பக்கம்), பட்டியல் போன்ற பக்கங்கள். அவற்றுக்கென்று தனி வகைகள் இருப்பதால் சுலபமாகக் கழிந்துவிடும். மீதியில் பி31 ஒன்றுகூட இல்லாத உருப்படிகள் இருக்கும். யாரோ தமிழில் கட்டுரை எழுதியிருப்பார்கள், அதற்கு ஓர் உருப்படியும் பிறந்திருக்கும், அதற்குள் எந்தக் கூற்றும் இருக்காது. வேறு மொழிக் கட்டுரை இல்லாததால் வெளியூர்த் தன்னார்வலர் யாரும் அதைத் தொட்டிருக்க மாட்டார். ஓர் ஈழத்து நாடகக் கலைஞர், ஒரு சிற்றிதழ், ஒரு கண்மாய். உலகத்தின் தரவில் இவை இருந்தும் இல்லாதவையாக நிற்கின்றன. இவற்றை எந்த வினவலாலும் வகைப்படுத்த முடியாது, கட்டுரையைப் படித்துத் தமிழ் தெரிந்த ஒருவர்தான் வகையை எழுத வேண்டும். ஓர் உருப்படிக்கு அரை நிமிடம் ஆகாது. நீங்கள் எழுதியதும் அடுத்து யார் எந்த நாட்டிலிருந்து கேட்டாலும் அந்தக் கலைஞர் மனிதர்கள் பட்டியலில் வருவார். 'தமிழ்க் கட்டுரை இருக்கிறது, பி31 இல்லை, பி279-உம் இல்லை' என்ற மூன்றே நிபந்தனைகள் போட்டு ஒரு வினவல் எழுதினால் பட்டியல் கையில் கிடைக்கும். நூறு என்று வரம்பு வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அந்தப் பட்டியலில் நாட்டார் தெய்வம் வந்தால் நான் அவசரப்படுவதில்லை. மதுரை வீரனை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்ந்து மறைந்த வீரனாகவும் கதை சொல்கிறார்கள், ஊர்க்காவல் தெய்வமாகவும் கும்பிடுகிறார்கள். பி31-இல் ஒன்றுக்கு மேற்பட்ட விடைக்கு இடம் இருப்பதால், தெய்வம் என்றும், வாழ்ந்தது உறுதியாகாத மனிதர் என்றும் இரண்டு கூற்றுகளை ஆதாரத்தோடு போடலாம். ஒன்றை வைத்து மற்றதை அழிக்கத் தேவையில்லை. எங்கள் வரிசையில் ஆள் முதலில் வருவதால் எங்கள் பட்டியலில் அவர் ஆள் கூடைக்குள் போவார். தமிழ்நாட்டுத் தெய்வங்களைத் தொகுக்க நினைக்கும் ஒருவர் தன் வரிசையில் தெய்வத்தை முன்னால் வைத்துக் கேட்டால், அதே உருப்படி அவருக்குத் தெய்வமாக வந்து சேரும்.